முறுக்கியின் மூடி

காங்கேயம்
10.02.2025

அன்பு நாகஜோதிக்கு,

கீதாஞ்சலி அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்காமல் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. கட்டுப் பிரித்துவிட்டார்களா? தையல் காய்ந்ததா? இன்னொரு கண்ணிலும் நீர் வடிகிறது என்று கருத்தம்மா சொன்னாள். வெயிலில் இறங்காதே கண்ணு.

உன் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் உன் வீட்டுக்காரர் முனீஸ்தான் எடுத்தார். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். நீ வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த ஆதார் நகலில் உன் அம்மா வீட்டு விலாசம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. அரைப் பக்கத்திலேயே விரல் வலிக்கிறது.

இங்கே அறுவடை முடியும் நேரம். தாராபுரம் பக்கமிருந்து தினமும் ஆறேழு லோடு வைக்கோல் வந்து இறங்குகிறது. பாலக்காட்டு மாட்டுப் பண்ணைக்காரர்கள் காலையிலேயே போன் போட்டு, கட்டு எப்போது வரும் என்று கேட்கிறார்கள். உன் இடத்தில் கருத்தம்மா நிற்கிறாள். உன் அளவுக்குக் கை வேகம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் உன் பேச்சுத்தான் பேசுகிறார்கள்.

வீட்டில் இவர், உங்கள் அண்ணன், சரியாகச் சாப்பிடுவதில்லை. கட்டுக்குக் கம்பி போடும் அந்த முறுக்கி மெஷினைக் கோவையில் நடக்கும் விவசாயக் கண்காட்சியில் வைக்கப்போகிறார். கையால் கம்பி கட்டுகிற வேலையே இனி யாருக்கும் இருக்காது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். இதை உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

உன் டிபன் பாக்ஸையும், நீ கொடியில் விட்டுப்போன துண்டையும் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மனதைத் தளரவிடாதே. பாப்பாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
கீதாஞ்சலி


திருச்சுழி
19.02.2025

அன்புள்ள கீதாக்காவுக்கு,

நாகஜோதியின் வணக்கம். கடிதம் கிடைத்தது. தபால்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும், கோர்ட்டு நோட்டீஸ் வந்துவிட்டது என்று அம்மா பயந்துபோய்விட்டது.

என் வரிகள் கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளின் ஓரம் எங்கே முடிகிறது என்று ஒற்றைக் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. செம்பில் தண்ணீர் ஊற்றினால் பாதி வெளியே போகிறது. ஆறு மாதத்தில் பழகிவிடும் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள் அக்கா. உங்களுக்கு யாராவது சொன்னார்களோ என்னவோ.

பாப்பாவுக்கு அன்பு சொல்லியிருந்தீர்கள். பாப்பா என்னிடம் இல்லை. திருப்பூரில் ராயபுரத்தில் அவருடைய அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்து, அவர் பாப்பாவோடு அங்கே இருக்கிறார். நான் அவளைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. என் போனும் அவரிடம்தான் இருக்கிறது. ஏன் என்று எழுதுகிறேன்.

விபத்தைப் பற்றி உங்கள் கம்பெனியிலிருந்து தொழிலாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்த பேப்பரின் நகலை அவர் எங்கேயோ வாங்கியிருக்கிறார். நான் போன் பேசிக்கொண்டே முறுக்கியின் மூடியைத் திறந்து குனிந்ததாக அதில் இருக்கிறதாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் படுத்திருக்க, அவர் கேட்டார்.

"எவன்கூடப் பேசிக்கிட்டிருந்த?"

"யார்கூடயும் பேசலங்க."

"அப்ப மொதலாளி பொய் எழுதுவானா? அவனுக்கு என்ன வந்துச்சு?"

சுரேஷ் அண்ணன் ஏன் அப்படி எழுதினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போனில் எந்த அழைப்பும் இல்லை என்று காட்டினேன். அழித்துவிட்டாய் என்றார். அதோடு போனையும் எடுத்துக்கொண்டு பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தால் என் மனதுக்கே தெளியும் என்று எழுதுகிறேன். முன்பு நாங்கள் நாலு பேர் குறடு வைத்து முறுக்கிக் கட்டிய வேலை. அண்ணன் முறுக்கியைக் கொண்டுவந்த பிறகு, கைப்பிடியை இழுத்தால் கம்பி வைக்கோல் கட்டைச் சுற்றி வரும். கொக்கி இரண்டு நுனியையும் பிடித்து மூன்று சுற்று முறுக்கி வெட்டிவிடும். நல்ல மெஷின்தான், நான் குறை சொல்லவில்லை. அதை மூடியிருக்கும் வலை மூடியைத் திறந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும் என்று முதல் நாளே அண்ணன் திறந்து காட்டினார். அன்றைக்குக் கம்பி சிக்கியது. மூடி ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. மோட்டார் நிற்கவில்லை. "நிறுத்த வேண்டாம் ஜோதி, ஓடட்டும், அப்படியே இழுத்துவுடு" என்று அண்ணன் லாரிப் பக்கமிருந்து சத்தம் போட்டார். இழுத்தேன். கம்பி அறுந்து முகத்துக்கு வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு உங்கள் மடியில் என் தலை இருந்தது.

என் போன் அப்போது எங்கே இருந்தது அக்கா? எடைமேடை மேஜையில், உங்கள் சார்ஜரில். காலையில் நீங்கள்தான் வாங்கிச் சொருகினீர்கள்.

இதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நஷ்டஈடு, கேஸ் எல்லாம் பிறகு நடக்கட்டும். நீங்கள் சொன்னால் அவர் நம்புவார். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

அண்ணனுக்கும் கருத்தம்மா அக்காவுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
நாகஜோதி


காங்கேயம்
03.03.2025

அன்பு ஜோதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கண்ணை எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மங்கலாகத் தெரியும், கண்ணாடி போட்டால் சரியாகும் என்றுதான் உங்கள் அண்ணன் சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை.

முனீஸிடம் பேசச் சொல்கிறாய். கேஸ் முடியும்வரை உன் பக்கத்து ஆட்கள் யாரிடமும் பேசக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதமே உங்கள் அண்ணனுக்குத் தெரியாது. பால் ஊற்றிவிட்டு வருகிற சாக்கில் தபால்பெட்டியில் போடுகிறேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? உன் போன் என் மேஜையில்தான் இருந்தது, எனக்குத் தெரியாதா. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு ராஜபாண்டி ஃபிட்டர் வந்து மூடியின் ஸ்விட்சைக் கழற்றி ஒயரை நேராகச் சேர்த்துவிட்டுப் போனதும் தெரியும். கம்பி சிக்கும்போதெல்லாம் மோட்டார் நின்றால் ஒரு நாளைக்கு நூறு கட்டுக் குறைகிறது என்று இவர்தான் அவரை வரச் சொன்னார். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். மறுநாள் நீ வேலைக்கு வந்தபோது இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை ஜோதி.

அந்தப் பேப்பரை எழுதிய அன்று கேட்டேன். "ஏனுங்க, அந்தப் புள்ள கையில போனே இல்லீங்களே" என்றேன்.

"கம்முனு இரு கீதா. போன்னு எழுதுனாத்தான் மெஷின் மேல பழி வராது. மெஷின் மேல பழி வந்தா அப்புறம் ஒருத்தனும் வாங்கமாட்டான். அந்தப் புள்ளைய நாம கைவுட்டுப்போடுவமா?"

அவர் கெட்டவர் இல்லை. உன்னைத் தூக்கிக் காரில் படுக்க வைத்து ஈரோடு ரோட்டில் அப்படி ஓட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். அந்தச் சட்டையை நான் துவைக்கவில்லை, எரித்துவிட்டேன். அந்த மெஷினுக்காக மூன்று வருஷம் அலைந்தார். உன் வீட்டில் இப்படி ஒரு சந்தேகம் வரும் என்று அவர் நினைத்தே பார்த்திருக்கமாட்டார்.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். கேஸ் ஒரு வழிக்கு வந்ததும் நானே முனீஸிடம் வந்து பேசுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. யாரிடமும் காட்டாதே.

உன் அக்கா,
கீதாஞ்சலி


திருச்சுழி
14.03.2025

அன்புள்ள கீதாக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார் என்கிறீர்கள். இருக்கலாம். நான் இங்கே தெருக் குழாய்க்குப் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் புரிகிறது. என்னைப் பெற்ற அம்மாவுக்கே ஒரு சின்னச் சந்தேகம் வந்துவிட்டது அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பாப்பாவைக் கூட்டி வரவில்லை. பெட்டியில் கிடந்த அவளுடைய துணிகளை எடுத்துப்போக வந்தார். திண்டுக்கல் தாண்டி பஸ் லேட்டு என்றார், அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பாப்பா எப்படி இருக்கிறாள் என்றேன். "ஒன்னையக் கேட்டா. ஒடம்பு சரியானதும் வரும்னு சொல்லிருக்கேன்" என்றார். முழுப் பரீட்சை முடிந்ததும் லீவுக்கு அனுப்புங்கள் என்றேன். "பாக்கலாம்" என்றார்.

உங்கள் கடிதம் அப்போது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. அவர் பஸ்ஸுக்குக் கிளம்பி வேலி தாண்டும்வரை கை அதன் மேலேயே இருந்தது. கிழித்துவிடு என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கொடுக்கவில்லை.

உங்களைக் கேட்காமல் அதை யாரிடமும் கொடுக்கமாட்டேன். இப்போது கேட்கிறேன். அவரிடம் காட்டட்டுமா? சரி என்று ஒரு வரி போதும். ஒரு கார்டில் எழுதிப் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
நாகஜோதி


திருச்சுழி
07.04.2025

கீதாக்காவுக்கு,

மூன்று வாரம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை கருத்தம்மா அக்கா எங்கள் பக்கத்து வீட்டுப் போனுக்குப் பேசியது. உங்களுக்குச் சுகம்தான், தினமும் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னது. பிறகு, தன் மணிக்கட்டில் கம்பி கிழித்து ஏழு தையல் போட்டிருப்பதாகச் சொன்னது. நான் மூடியைப் பற்றிக் கேட்டேன்.

"மூடியா? அத எங்க மாட்டுறாங்க. செவுத்துல சாத்தி வெச்சிருக்குது" என்றது.

கண்காட்சியில் வைத்ததைப் பார்த்து, திருப்பூரில் பனியன் வேஸ்ட் துணியைக் கட்டுப் போடும் குடோன்காரர் இரண்டு முறுக்கிக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறாராம். ராஜபாண்டி அண்ணன் செய்துகொண்டிருக்கிறாராம். ஸ்விட்ச் இல்லாமலே செய்யச் சொல்லி அண்ணன் சொல்லியிருக்கிறாராம்.

வேஸ்ட் குடோனில் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். காங்கேயம் வருவதற்கு முன்பு நான் இரண்டு வருஷம் அங்கே நின்றிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் பாதிப் பேர். சத்தம் போட்டு ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாது.

கேட்காமல் கொடுக்கமாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. உங்களுடைய இரண்டாவது கடிதத்தை இன்று காலை திருப்பூர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. அவரிடம் காட்டவில்லை. எனக்காகக் கொடுத்தேன் என்று இருக்கக் கூடாது என்று தோன்றியது. நான் அதைச் சரியாகச் சொல்கிறேனா தெரியவில்லை.

உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அது நீங்கள் எழுதியதில்லை என்று சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அடியில் கீதாஞ்சலி என்று பேர் மட்டும்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் போக வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே எழுதுகிறேன்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

நாகஜோதி


காங்கேயம்
02.05.2025

அன்பு நாகஜோதிக்கு,

உன் மார்ச் மாதக் கடிதம் எனக்கு வந்தது. பதில் எழுதத் தாள் எடுத்தேன், வைத்தேன். சரி என்று எழுத முடியவில்லை. வேண்டாம் என்று எழுதவும் முடியவில்லை. அடுத்த கடிதம் வந்த அன்று, நீ கொடுத்துவிட்டாய் என்று படித்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. உன்னிடம் சொல்லத்தான் வேண்டும். என் வீட்டில் சோறு தின்றவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் எடைமேடையில் உட்கார்ந்திருந்தபோது, கருத்தம்மா கட்டுப் போட்ட கையோடு, ஓடுகிற முறுக்கிக்குள் குனிவதைப் பார்த்தேன். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்குத்தான் எழுந்து போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். இவர் ஆபீசிலிருந்து வந்து, யார் அணைத்தது என்று கேட்டுவிட்டுத் திரும்பப் போட்டார்.

போன திங்கட்கிழமை திருப்பூரில் விசாரணை. என்னையும் அவரையும் ஒன்றாகத்தான் கூப்பிட்டார்கள். கடிதம் போயிருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. அதிகாரி ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். மேஜை மேல் என் கடிதத்தை எடுத்து வைத்தார். என் கையெழுத்தை அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது.

"இது நீங்க எழுதினதாம்மா?"

இவர் குனிந்து ஒரு வரி படித்தார். பிறகு மெதுவாக, "இல்லைன்னு சொல்லு" என்றார்.

நீ எழுதியிருந்தாயே, இல்லை என்று சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று. அது உண்மைதான் ஜோதி. அந்த அறையில் இவரைத் தவிர யாருக்கும் என் கையெழுத்துத் தெரியாது. வாய்வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. உன் நினைப்பு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்ததா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

"ஆமாங்க. நான் எழுதுனதுதானுங்க" என்றேன்.

முழுவதையும் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். டீ போட்டுக் கொடுத்ததுவரை படித்தேன். அதோடு தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை அந்த அம்மாவே படித்தார். அடுத்த நாள் ஆள் வந்து முறுக்கிக்குச் சீல் வைத்தார்கள். ராஜபாண்டி பட்டறையில் இருந்த இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்கள். மூடியும் ஸ்விட்சும் இல்லாமல் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். உன் பேரில் போட்டிருந்த அந்தப் போன் விஷயத்தை அடித்துவிட்டார்கள். நகல் உனக்குத் தபாலில் வரும்.

வெளியே வந்ததும் இவர் காரை எடுத்தார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் காரை நிறுத்தினார். "நீ பஸ்ல வந்துரு" என்றார். இறங்கினேன். கையில் பர்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. காங்கேயம் பஸ் எதிரே நின்றிருந்தது. ஏறவில்லை. ராயபுரத்துக்கு வழி கேட்டு நடந்தேன்.

உன் நாத்தனார் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பக்கத்து ரூமில் முனீஸ் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நானும் நின்றுகொண்டே சொன்னேன். "உங்க சம்சாரம் கையில போன் இல்லீங்க. எம்மேசையில இருந்துச்சுங்க. நானே வாங்கிச் சார்ஜர்ல போட்டனுங்க. மூடியத் தொறந்து வெச்சது நாங்க. அந்தப் பேப்பர்ல இருந்ததெல்லாம் பொய்யுங்க."

அவர் வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்னங்க?" என்றார்.

சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நின்றேன். பிறகு அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "மூணு மாசம்" என்றார். "மூணு மாசமா அவ மொகத்தப் பாக்கல நான்." அவர் செய்ததற்கும் நான்தான் காரணமா, அவருக்கே அதில் பாதி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீ தீர்மானித்துக்கொள்.

பாப்பா வாசற்படியில் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்து சிரித்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வருவதாக அவர் சொன்னார். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வந்திருப்பார்கள்.

இவர் என்னிடம் பேசுவதில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வைக்கோல் ஷெட்டுக்குப் போய்விடுகிறார். சீல் வைத்த மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். நாலு பெண்கள் மறுபடியும் குறடு வைத்துக் கம்பி முறுக்குகிறார்கள். என் கூடப்பிறந்த அண்ணன் வந்து, கொஞ்ச நாள் தன் வீட்டில் வந்து இரு என்றான். போகவில்லை. என்ன ஆகும் என்று தெரியவில்லை.

ஒன்றை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன். கிழித்துவிடு என்று நான் எழுதினேன். நீ கிழிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரிந்திருக்கலாம். நான் சொல்ல வேண்டியதை உன் கையில் கொடுத்துவிட்டு, அதை நீயே சொல்லட்டும் என்று காத்திருந்தேனோ என்னவோ. ஒரு கண் போனவளிடம் அந்த வேலையையும் கொடுத்திருக்கிறேன். மெஷின் செய்தது ஒரு நொடியில் நடந்தது. நான் செய்ததற்கு மூன்று மாதம் பிடித்தது, ஒவ்வொரு நாளும் தெரிந்தேதான் செய்தேன்.

நீ பதில் போட வேண்டும் என்று கேட்கமாட்டேன். போடாவிட்டால் ஏன் என்று எனக்குப் புரியும். உன் பொருட்களைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கண்ணைப் பார்த்துக்கொள்.

கீதாஞ்சலி